தோட்டத்து கிரவுண்டில் ஒருவர் சுருண்டு விழுந்தால்: விளையாட்டுக் கழகங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டத்தில் விளையாட்டுக் கழகச் செயலாளராக இருக்கிறேன். டொக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. முதலுதவிப் பயிற்சி எடுத்துவிட்டு, கூப்பிடுகிற கழகங்களுக்குப் போய்த் தெரிந்ததைக் காட்டிக்கொடுக்கிற ஆள், அவ்வளவுதான். எங்கே போனாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

மாரடைப்பும் இதயம் நின்றுபோவதும் ஒன்றுதானே?

இல்லை, இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பாதிப் பிரச்சினை. மாரடைப்பு என்றால் இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகிற குழாய் அடைத்துக்கொள்வது. ஆளுக்கு நினைவு இருக்கும், பேசுவார், வியர்த்துக் கொட்டும், நெஞ்சில் பாறாங்கல்லை வைத்த மாதிரி இருக்கிறது என்பார். இதயம் நின்றுபோவது வேறு. இதயத்தின் மின்துடிப்பு குழம்பி, அது இரத்தத்தை அனுப்பாமல் வெறுமனே நடுங்கத் தொடங்கும், சில செக்கனில் ஆள் நினைவிழந்து விழுந்துவிடுவார். முதலாவது இரண்டாவதில் போய் முடியலாம், ஆனால் இரண்டாவது முன்னறிவிப்பே இல்லாமலும் வரும். முதலாவதில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நமக்குக் கொஞ்சம் நேரம் இருக்கிறது. இரண்டாவதில் இல்லை.

எங்கள் டீமில் எல்லாம் இருபது வயதுப் பையன்கள். அவர்களுக்கெல்லாம் வருமா?

அரிதுதான், ஆனால் வரும். 2003 ஜூன் 26, பிரான்சின் லியோனில் கொன்ஃபெடரேஷன்ஸ் கிண்ண அரையிறுதி. கமரூனின் மார்க் விவியன் ஃபோ பக்கத்தில் யாருமே இல்லாத இடத்தில் விழுந்தார், பிழைக்கவில்லை. வயது 28. இதயத்தசை தடித்துப்போகிற பரம்பரை நோய் ஒன்று அவருக்கு இருந்தது பிறகுதான் தெரிந்தது. 2021 ஜூன் 12 அன்று டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் கோப்பன்ஹேகனில் அதே மாதிரி விழுந்ததை இங்கே லயத்து டீவியிலும் பார்த்தோம். அவருக்கு உடனே நெஞ்சை அழுத்தினார்கள், ஷொக் கொடுத்தார்கள், அடுத்த வருடமே மறுபடி விளையாட வந்துவிட்டார்.

35 வயதுக்குக் கீழே என்றால் பெரும்பாலும் பிறவியிலேயே வந்த கோளாறு, இல்லாவிட்டால் வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு இதயத்தசையில் வருகிற அழற்சி. 35 தாண்டினால் பெரும்பாலும் குழாய் அடைப்புத்தான். நம் கழகங்களில் இந்த இரு வயதுப் பிரிவினரும் இருக்கிறார்கள். சனிக்கிழமை பையன்கள் ஆடினால், தீபாவளிக்கும் சித்திரைக்கும் அவர்களுடைய அப்பாக்கள் ஆடுகிறார்கள், பயிற்சி எதுவும் இல்லாமல்.

மயக்கமா, வலிப்பா, இதயம் நின்றதா, எப்படித் தெரிந்துகொள்வது?

தோளைத் தட்டிச் சத்தமாகக் கூப்பிடுங்கள். பதில் இல்லையா? நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள், 10 செக்கனுக்கு மேல் வேண்டாம். ஒழுங்கான மூச்சு இல்லையென்றால் இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். நாடி பார்க்கிறேன் என்று கையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். பழக்கமில்லாதவருக்கு அந்தப் பதற்றத்தில் தன் விரலில் ஓடுகிற துடிப்புத்தான் தெரியும்.

ஏமாற்றுகிற விஷயம் இரண்டு இருக்கிறது. ஒன்று, கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து இடைவெளி விட்டு விட்டு இழுப்பது, குறட்டை மாதிரிச் சத்தமும் வரும். "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று எல்லோரும் கத்துவார்கள். அது மூச்சு இல்லை. இரண்டாவது, விழுந்த முதல் சில செக்கனில் கைகால் வெட்டி இழுக்கும். உடனே யாராவது சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார். வலிப்புக்கே அதனால் பயனில்லை என்கிறபோது நின்ற இதயத்துக்கு அது என்ன செய்யும்? வெட்டு நின்ற பிறகும் ஒழுங்கான மூச்சு வரவில்லையென்றால் இது வலிப்பு இல்லை.

சரி, அப்புறம் என்ன செய்ய வேண்டும்?

மல்லாக்கக் கிடத்துங்கள், தரை கெட்டியாக இருக்கட்டும். நெஞ்சின் நடுவில், முலைக்காம்புகளுக்கு இடையில் இருக்கிற எலும்பின் கீழ்ப்பாதியில், ஒரு உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து மற்றக் கையை அதன் மேல் கோர்த்துக்கொள்ளுங்கள். முழங்கையை மடக்காமல், உங்கள் தோள் அவர் நெஞ்சுக்கு நேர் மேலே இருக்கிற மாதிரி முட்டி போட்டு, உடம்புப் பாரத்தை இறக்குங்கள். 5 சென்டிமீட்டர் இறங்க வேண்டும், 6ஐத் தாண்ட வேண்டாம். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, அதாவது ஒரு செக்கனுக்குக் கிட்டத்தட்ட இரண்டு. ஒவ்வொரு அழுத்தலுக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலே வரவிட வேண்டும், கையை ஊன்றிக்கொண்டே இருந்தால் இதயத்துக்குள் இரத்தம் வந்து நிரம்பாது.

இது எவ்வளவு பலம் கேட்கிற வேலை என்பது செய்து பார்த்தால்தான் தெரியும். கவ்வாத்து வெட்டுகிற ஆளே இரண்டு நிமிடத்தில் இளைத்துவிடுவார். அதனால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். மாறும்போது இடைவெளி விழக்கூடாது, அடுத்தவர் எதிர்ப்பக்கம் முட்டி போட்டுத் தயாராக இருந்தால் போதும்.

வாயில் வாய் வைத்து ஊத வேண்டுமா? நம் ஆட்கள் கூச்சப்படுவார்கள்.

பெரியவர் திடீரென்று விழுந்தால், பயிற்சி இல்லாதவர் அழுத்துவதை மட்டும் நிறுத்தாமல் செய்தாலே பெரிய உதவி. பயிற்சி எடுத்தவர் 30 அழுத்தலுக்கு 2 மூச்சு கொடுப்பார். பிள்ளைகளுக்கும் தண்ணீரில் மூழ்கியவர்களுக்கும் மூச்சு கட்டாயம் வேண்டும், ஏனென்றால் அங்கே முதலில் நின்றது மூச்சு. மேட்ச் முடிந்து காசல்ரீயிலோ மவுசாக்கலையிலோ குளிக்க இறங்குகிற பழக்கம் உள்ள டீம்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: மூழ்கியவரை வெளியே எடுத்தால் முதலில் மூச்சு ஊதிவிட்டுத்தான் அழுத்தத் தொடங்க வேண்டும். தலைகீழாகத் தூக்கி வயிற்றைப் பிழிகிற வேலை வேண்டவே வேண்டாம்.

விலா எலும்பு உடைந்துவிட்டால்?

உடையலாம், சத்தமும் கேட்கும். உடைந்த எலும்பு ஒட்டிக்கொள்ளும். இதயம் நின்று கிடக்கிறவரை அதைவிட மோசமாக்க உங்களால் முடியாது. இதயம் ஓடிக்கொண்டிருக்கிற ஆளைத் தவறுதலாக அழுத்தினால் பெரும்பாலும் அவர் முனகுவார், உங்கள் கையைத் தட்டிவிடுவார். உடனே நிறுத்திவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடுவதுதானே வேகம்? அம்பியூலன்ஸ் எங்கே நம் பாதைக்கு வரப்போகிறது?

எல்லாக் கழகத்திலும் கோபத்தோடு கேட்கிற கேள்வி இது, கோபத்தில் நியாயமும் இருக்கிறது. எங்கள் கதையைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் சித்திரை வருடப்பிறப்புக்கு மறுநாள், நாற்பது வயது தாண்டியவர்களுக்கு சும்மா ஒரு மேட்ச். பவுண்டரியில் நின்ற அண்ணன் ஒருவர் முன்பக்கமாகச் சாய்ந்தார். பந்து அவர் பக்கமே போகவில்லை. நடிக்கிறார் என்று முதலில் சிரித்தோம், நானும்தான். பிறகு ஓடினோம். முகத்தில் தண்ணீர் அடித்தார்கள், ஒருவர் உள்ளங்காலைத் தேய்த்தார், ஒருவர் சோடா உடைத்தார். ஆட்டோ வந்தது. பின்சீட்டில் இருவர் மடியில் அவரைக் கிடத்தினோம், கால் இரண்டும் வெளியே தொங்கியது, அதில் ஒரு சப்பாத்து வளைவில் கழன்று விழுந்ததை யாரோ பிறகு எடுத்துக்கொண்டு வந்தார்கள். தோட்டத்து டிஸ்பென்சரி லீவு நாள் என்று பூட்டியிருந்தது. அங்கிருந்து டவுனுக்கு. மொத்தம் நாற்பது நிமிடம். அவ்வளவு நேரத்திலும் ஒருவர்கூட அவர் நெஞ்சில் கை வைக்கவில்லை. அன்றைக்கு எங்களிடம் வேகத்துக்குக் குறையில்லை.

கணக்கு இதுதான். நெஞ்சை அழுத்தாமல், ஷொக் கொடுக்காமல் போகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. நாலைந்து நிமிடத்திலேயே மூளை கெடத் தொடங்கும். நம் பாதையில் எந்த ஆட்டோவாலும் அந்த நேரத்துக்குள் எந்த ஆஸ்பத்திரிக்கும் போக முடியாது. ஆட்டோவுக்குள் ஒருவரை நிமிர்த்திக் கிடத்தி அழுத்தவும் முடியாது. எனவே விழுந்த இடத்திலேயே தொடங்குங்கள், உதவி உங்களிடம் வரட்டும்.

அம்பியூலன்ஸால் வரவே முடியாது, மண் சரிந்து பாதை மூடிவிட்டது என்று 1990 அம்பியூலன்ஸ் நம்பரில் சொன்னால்? அப்போது ஆளைத் தட்டையாகக் கிடத்தக்கூடிய வண்டி, அதாவது பின்பக்கம் காலியான வேனோ கொழுந்து லொறியோதான் சரி. அழுத்துகிறவர்கள் இரண்டு மூன்று பேர் கூடவே ஏற வேண்டும், ஓட்டுகிறவர் மெதுவாக ஓட்ட வேண்டும், அம்பியூலன்ஸை எந்தச் சந்தியில் சந்திப்பது என்று போனில் பேசிக்கொண்டே போக வேண்டும். ஓடுகிற வண்டியில் அழுத்துவது நன்றாக விழாது என்பது தெரிந்தே செய்கிற கடைசி வழி இது. முதல் வழி ஆகிவிடக்கூடாது.

1990க்கு எடுத்தால் என்ன சொல்வது?

சுவசெரிய 1990 இலவசம், தமிழிலும் பேசலாம். 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் மட்டும் தொடங்கியது. மற்ற மாகாணங்களுக்கும் விரிக்கப்போகிறோம் என்று இந்தியப் பிரதமர் மோடி 2017 மே மாதம் அறிவித்தது நம் நோர்வூட் மைதானத்தில்தான், டிக்கோயா கிளங்கனில் 150 கட்டில் ஆஸ்பத்திரியைத் திறந்து வைத்த அதே நாள்.

"ஆள் விழுந்துவிட்டார், நினைவில்லை, மூச்சில்லை, நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கிறோம்" என்பதை முதலில் சொல்லுங்கள். அடுத்தது இடம், இங்கேதான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்வார்கள். போர்டில் இருக்கிற தோட்டத்துப் பெயர் ஒன்று, நாம் கூப்பிடுகிற தமிழ்ப் பெயர் இன்னொன்று, அதற்குள் மேல் டிவிசன், கீழ் டிவிசன் வேறு. "கோயிலடி கிரவுண்ட்" என்றால் மறுமுனையில் இருப்பவருக்கு என்ன தெரியும்? தோட்டத்தின் இரண்டு பெயர், டிவிசன், எந்த மெயின் ரோட்டில் எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும், பெரிய வண்டி எதுவரை வரும், இவ்வளவையும் ஒரு அட்டையில் எழுதி முதலுதவிப் பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டிவிடுங்கள். 1990க்கு ஒரு செயலியும் இருக்கிறது, போனில் போட்டு வைத்துக்கொண்டால் இடத்தைக் காட்டும்.

சிக்னல்? எங்கள் கிரவுண்டில் பேட்டிங் பக்கம் டயலொக் சுத்தமாக இல்லை, பெரிய பலாமரத்தடியில் இரண்டு கோடு வரும். உங்கள் கிரவுண்டில் எந்த இடத்தில் எந்தக் கம்பனி எடுக்கும் என்று ஒரு நாள் நடந்து பார்த்து அதையும் அந்த அட்டையில் எழுதுங்கள். முடிந்தால் போனை ஸ்பீக்கரில் போட்டு விழுந்தவர் பக்கத்தில் வையுங்கள், அவர்கள் சொல்லச் சொல்லச் செய்யலாம்.

அந்த நேரத்தில் யார் என்ன செய்வது? எல்லோரும் சேர்ந்து கத்துவோமே.

அதனால்தான் டொஸ் போடுவதற்கு முன்பே ஆளைப் பிரித்துவிட வேண்டும். நாங்கள் கை, போன், பெட்டி, பாதை என்று நாலு பெயர் வைத்திருக்கிறோம். கைக்கு மூன்று பேராவது வேண்டும், மாறி மாறி அழுத்த. போன் ஒருவர், அவர் வேறு எதையும் தொட மாட்டார். பெட்டி எடுக்க ஓடுகிறவர் ஒருவர். பாதைக்காரர் வேலையைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்: தோட்டத்து கேட் பூட்டியிருந்தால் வொச்சரை எழுப்பித் திறக்க வைப்பது, இரண்டு பக்கமும் நிறுத்தியிருக்கிற ஆட்டோக்களை எடுக்கச் சொல்வது, சந்தியில் நின்று அம்பியூலன்ஸுக்குக் கை காட்டுவது. பனிமூட்டம் இறங்கிய பிறகு பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது, அவர் கையில் டோர்ச் இருக்கட்டும்.

அடுத்தது மைக். டோர்னமென்ட் என்றால் வர்ணனை சொல்கிற தம்பி ஒருவர் கட்டாயம் இருப்பார், பாட்டும் ஓடிக்கொண்டிருக்கும். நூறு பேர் சுற்றி நின்று மறைக்கிறதை விலக்க அந்த மைக்கைவிட நல்ல ஆயுதம் இல்லை. பாட்டை நிறுத்தி, "கை, போன், பெட்டி, பாதை, உள்ளே வாங்க, மற்ற எல்லோரும் கயிற்றுக்கு வெளியே" என்று இரண்டு தடவை சொன்னால் போதும். வெற்றிலை போட்ட பெரியவர்கள் நாலு பேர் அப்போதும் விலக மாட்டார்கள், அவர்களை ஒருவரை ஒருவர் கைகோர்க்கச் சொல்லி முதுகைக் காட்டி வட்டமாக நிற்க வையுங்கள். மரியாதையும் ஆச்சு, மறைப்பும் ஆச்சு. எரிக்சன் விழுந்தபோது அவருடைய டீமும் அப்படித்தான் நின்றது.

ஏ.இ.டி. மெஷின் வாங்க வேண்டுமா?

நெஞ்சில் இரண்டு பட்டையை ஒட்டினால் தானே இதயத்தின் ஓட்டத்தைப் பார்த்து, ஷொக் வேண்டுமா வேண்டாமா என்று வாயால் சொல்கிற பெட்டி அது. தேவையில்லாதவருக்கு ஷொக் கொடுக்காது, அதனால் பயப்பட வேண்டியதில்லை. நடுங்குகிற இதயத்தை ஓட்டத்துக்குக் கொண்டுவர ஷொக்தான் மருந்து, அழுத்துவது அதுவரை மூளைக்கு இரத்தம் அனுப்பி நேரம் வாங்கிக்கொடுக்கிறது. ஆக, இருந்தால் மிக நல்லது.

ஆனால் விலை லட்சக்கணக்கில். பட்டையும் பட்டரியும் சில வருடத்துக்கு ஒருமுறை காலாவதியாகும், அந்தச் செலவை வாங்கும்போது யாரும் சொல்வதில்லை. என் அபிப்பிராயம்: இருபது பேருக்கு அழுத்தத் தெரியாத கழகம் மெஷினுக்குக் காசு சேர்க்கக்கூடாது. முதலில் கை பழகட்டும். பிறகு தனிக் கழகமாக இல்லாமல், பக்கத்து டிவிசன்கள், கோயில், பாடசாலை எல்லாம் சேர்ந்து ஒன்று வாங்கி, எல்லோருக்கும் கிட்டே, நனையாத, பூட்டாத இடத்தில் வைக்கலாம். வெளிநாட்டில் இருக்கிற நம் பிள்ளைகள் ஜேர்ஸிக்குக் காசு அனுப்புகிறார்கள், இதற்கும் கேட்டால் அனுப்புவார்கள். நுவரெலியாப் பக்கம் தை, மாசியில் உறைபனி கொட்டும், வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம். குளிரில் பட்டரி இறங்கும்.

மழையில் ஷொக் கொடுக்கலாமா? பெண் பிள்ளை என்றால்?

தேங்கிய தண்ணீரிலிருந்து இழுத்துவிட்டு, நெஞ்சைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள், ஈரமான தோலில் பட்டை பிடிக்காது. ஒரு பட்டை முன்பக்கம் வலது காறை எலும்புக்குக் கீழே, மற்றது இடது அக்குளுக்குக் கீழே விலாப்பக்கம். "விலகுங்கள்" என்று மெஷின் சொன்னால் ஒருவரும் தொடக்கூடாது. ஷொக் போனதும் பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே மறுபடி அழுத்துங்கள்.

எல்லே, வலைப்பந்து ஆடுகிற பிள்ளைகள் என்றால் ஜேர்ஸியையும் உள்ளாடையையும் கத்தரியால் வெட்டத்தான் வேண்டும். தயங்கி நிற்கிற நேரம் அந்தப் பிள்ளையின் நேரம். பட்டை ஒட்டிய பிறகு மேலே ஒரு துணியைப் போடலாம், நாங்கள் பெட்டிக்குள் கத்தரியோடு ஒரு சேலைத் துண்டையும் வைத்திருக்கிறோம். பெண்கள் டீமிலிருந்தே இரண்டு மூன்று பேரைப் பழக்கி வைத்தால் இந்தத் தயக்கம் பாதி போய்விடும்.

நெஞ்சில் பந்து பட்டே இதயம் நிற்குமாமே?

உண்மை. இதயத்துடிப்பின் ஒரு குறிப்பிட்ட நொடித் துணுக்கில், நெஞ்சின் இடப்பக்கம் கெட்டியான பந்து மோதினால், நல்ல ஆரோக்கியமான இதயமே ஓட்டம் குழம்பி நின்றுவிடும். நெஞ்செலும்பு இன்னும் மென்மையாக இருக்கிற சிறுவர்களுக்கு ஆபத்து அதிகம். 2023 ஜனவரியில் அமெரிக்க ஃபுட்போல் வீரர் டமார் ஹம்லின் நெஞ்சில் அடிபட்டு விழுந்து, அங்கேயே அழுத்தி, ஷொக் கொடுத்துப் பிழைத்தது இந்த வகைதான். டென்னிஸ் பந்தில் ஆடுகிற நமக்குப் பயம் குறைவு, லெதர் பந்துக்கு மாறுகிற பாடசாலைப் பிள்ளைகள் கவனம்.

மின்னல் அடித்து விழுந்தவரையும் தொடலாம், அவர் உடம்பில் கரண்ட் தங்கியிருக்காது, உடனே அழுத்துங்கள். குளவிக் கூட்டம் கலைந்து கொட்டினால் முதலில் எல்லோரும் அந்த இடத்தை விட்டு ஓடுவது, அதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நெஞ்சு வலி என்கிறார், ஆனால் நடக்கிறார், "கெஸ்ட்ரைட்டிஸ்தான், ஒரு சோடா குடித்தால் சரி" என்கிறார்.

நம் ஊரில் இந்தச் சோடாவை நம்பிப் போன உயிர்கள் கொஞ்சநஞ்சமில்லை. நெஞ்சின் நடுவில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ ஓடுகிற வலி, குளிர்ந்த வியர்வை, குமட்டல், காரணமில்லாத இளைப்பு, இவற்றில் எது வந்தாலும் அவருக்கு ஆட்டம் முடிந்தது. உட்கார வையுங்கள், நடக்க விடாதீர்கள், 1990க்கு எடுங்கள். அஸ்பிரின் கொடுக்கலாமா என்று அவர்களிடமே கேளுங்கள், ஒவ்வாமையோ வயிற்றுப் புண்ணோ இருப்பதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். பெண்களுக்கும் சீனி வருத்தக்காரருக்கும் வலியே இல்லாமலும் வரும்.

யாரை விளையாட விடக்கூடாது?

ஓடும்போது மயங்கி விழுந்தவர், ஓடும்போது நெஞ்சு வலிக்கிறவர், குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருப்பவர், இவர்கள் டொக்டரைப் பார்த்து ஈசிஜி எடுத்துவிட்டு வரட்டும், அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். காய்ச்சலோடு யாரும் இறங்க வேண்டாம், ஃபைனலாக இருந்தாலும் சரி. 35 தாண்டியவர்களுக்குப் பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் பார்க்கிற ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இருக்கின்றன, மாமாக்கள் மேட்சுக்கு முந்தின வாரம் எல்லோரையும் ஒரு வேனில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டால் அரை நாள் வேலை.

எங்கே பழகுவது? பொம்மை இல்லையே.

செஞ்சிலுவைச் சங்கத்தின் மாவட்டக் கிளையையோ சென்ட் ஜோன் அம்பியூலன்ஸையோ கேளுங்கள், பொம்மையோடு வந்து சொல்லித்தருவார்கள். பழகியது சில மாதத்தில் மறந்துபோகும் என்பதால் நடுநடுவே நாமே செய்து பார்க்க வேண்டும். கெட்டியான தலையணைக்குள் பழைய டியூப்பைச் சுருட்டி வைத்து, சாக்கில் கட்டி, அதில் அழுத்தினால் கைக்குப் பழக்கம் வரும். தாளத்துக்குத் தப்பு அடிக்கிற தம்பி ஒருவரை உட்கார வைத்தோம், முதல் நாள் திருவிழா வேகத்தில் அடித்து எல்லோரையும் கொன்றுவிட்டார், பிறகு மணிக்கூட்டைப் பார்த்து 110க்கு இறக்கினோம்.

கூடவே ஒத்திகை. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பயிற்சி நாளில் ஒருவரை விழச் சொல்லி நேரம் பாருங்கள். எங்களுக்கு முதல் தடவை பெட்டி வந்து சேர 4 நிமிடம் 40 செக்கன் போனது, ஏனென்றால் கழக அறைச் சாவி பொருளாளர் பொக்கெட்டில், பொருளாளர் டீக்கடையில். இரண்டாவது தடவை 50 செக்கன். இப்போது மேட்ச் நாளில் பெட்டி ஸ்கோர் எழுதுகிறவரின் கதிரைக்குக் கீழேதான் இருக்கிறது, பூட்டைக் கழற்றிப் பொருளாளரிடமே கொடுத்துவிட்டோம்.